வளைகாப்பும் ரத்த அழுத்தமும்

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் என்றாலே அது ஏறுவதைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேச்சு. ஏறுவதற்கு முன்னால் அது இறங்குகிறது என்ற சமாசாரத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. இறக்கத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஏற்றமும் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மருமகளுக்குத் தலைப்பிள்ளை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், தார் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பிலே ரத்தமே இல்லை, சார். சொன்னால் சாப்பிட்டால்தானே?" என்றாள் மாமியார்.

அந்தப் பெண்ணின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் மாதத்தில் 108/70. இப்போது 96/58.

கல்லூரியில் நான் படித்த விலங்கியல் இரண்டு வருஷத்தோடு சரி. ஆகவே டாக்டர் நண்பர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே உடம்பு தன் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்துவிடுகிறதாம். அதனால் அழுத்தம் குறைகிறது. குறைந்ததும் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கின்றன. இதயம் நிமிஷத்துக்கு இறைக்கும் ரத்தம் 30 முதல் 50 சதவிகிதம் வரை கூடுகிறது. உடம்பிலுள்ள ரத்தத்தின் மொத்த அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதில் நீர்ப்பகுதி அதிகமாகவும் சிவப்பணுக்கள் குறைவாகவும் பெருகுவதால், ரத்தம் சற்று நீர்த்தும் போகிறது. (மாமியார் சொன்னதிலும் கொஞ்சம் வாஸ்தவம் இருக்கத்தான் செய்தது.) 20 முதல் 24 வாரங்களுக்குள் அழுத்தம் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறி, பிரசவத்தை ஒட்டிப் பழைய அளவுக்கே வந்துவிடும்.

இதை நெசவாளரிடம் சொன்னேன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டவர், "வாய்க்காலை முதலில் அகலமாக வெட்டிக்கொண்டு, அப்புறம் மதகைத் திறந்து விடுகிற மாதிரி" என்றார். டாக்டர் அரைமணி நேரம் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இதில் இன்னொரு விநோதம். குழாய்களை இறுக்குவதற்கென்று ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உடம்பில் உண்டு. கர்ப்பத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது. ஆனாலும் குழாய்கள் அதன் அதட்டலுக்கு மசிவதில்லை. 1973-ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் நார்மன் கான்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் முதல் கர்ப்பக்காரிகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பின்னால் அழுத்தம் ஏறப்போகிற பெண்களுக்கு, அது ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே இந்த மசியாத குணம் போய்விடுகிறது என்று கண்டார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே காவல் மட்டும் விலகியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. வளையல்காரர் கொண்டுவந்த அளவு கைக்கு ஏறவில்லை. பெரிய அளவு எடுத்தார், அதுவும் பிடித்தது. "பிள்ளைப் பூரிப்பு!" என்று கிழவிகள் சந்தோஷப்பட்டார்கள். முகமும் பூரித்துத்தான் இருந்தது. இரண்டு நாளாய்த் தலைவலி என்று அவள் மெதுவாகச் சொன்னது, விருந்துக்கு வந்திருந்த சுகாதார நர்ஸ் காதில் விழுந்தது நல்லகாலம். அளந்தார்: 146/94.

"கூட்டத்தில் இருக்கிறாள், படபடப்பாக இருக்கும். பாதியிலே எழுப்பலாமா?" என்றாள் மாமியார்.

நெசவாளர் பதில் சொல்லவில்லை. ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார்.

ஒரு கையில் வளையல், மறு கை வெறுங்கை. அப்படியேதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சில மணி நேரம் பொறுத்து மறுபடி அளந்தபோதும் இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் இருந்தது.

20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தாண்டினால் அபாயம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அட்டையில் அந்த 108/70 இல்லாமற் போனால், இவள் எங்கிருந்து எங்கே ஏறினாள் என்று எதைக் கொண்டு சொல்வது? முன்பே அழுத்தம் உள்ளவளுக்கும் ஐந்தாம் மாதத்தில் குறைந்துதான் காட்டும். முதல் சில வாரங்களிலேயே அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். ஒரு காலத்தில் அதற்கு இருட்டறையும் மயக்க மருந்தும்தான் கதி. சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியின் டாக்டர் கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையொன்றை 1961-ல் எழுதி வெளியிட்டார்; இந்தியாவில் வெகுகாலம் அது வழங்கியது. பிறகு அதன் இடத்துக்கு மக்னீசியம் சல்பேட் வந்தது. நம் தாத்தாக்கள் பேதிக்குக் கரைத்துக் குடித்த அதே உப்பு! 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளிவந்தது. இந்த மருந்து வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கும் அதைக் கொடுத்தார்கள். 37 வாரம் ஆனதும் பிரசவம் செய்தார்கள். பெண் குழந்தை, எடை சற்றுக் கம்மி, அழுகை பலம்.

பிள்ளை பிறந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று வீட்டில் நினைத்தார்கள். நர்ஸ் விடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அழுத்தம் மறுபடி ஏறக்கூடுமாம். வலிப்பும் அப்போது வரலாமாம். ஆகவே தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது பிள்ளைப்பேற்று லேகியம், பூண்டு, பழம்புடவைத் துணிகள் இவற்றோடு, எந்தெந்த நாள் அளக்க வேண்டும் என்று எழுதிய சீட்டும் பையில் போயிற்று. சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்தது மாமியார்தான்.