கரும்பலகையில் ஒரு கால அட்டவணை

பெரம்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயிலைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. லோகோ பட்டறையின் சங்கு ஊதினால் அப்பா சைக்கிளை எடுப்பார். மறுபடி ஊதினால் அம்மா சோற்றை வடிப்பார். அப்பா லோகோவில் ஃபிட்டர். எங்கள் தெருவில் பாதி வீடுகள் லோகோ, மீதியில் கேரியேஜ் பட்டறை கொஞ்சம், ரயில்பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். கொஞ்சம். ராத்திரி பாயில் படுத்தபடியே, கடந்துபோவது கூட்ஸா எக்ஸ்பிரஸ்ஸா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம்.

ஆங்கிலம்தான் வராது. தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் அது அறிமுகமானது. நாலு கோடு நோட்டில் எழுத்துகளைக் குண்டு குண்டாக எழுதியதும், "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி கதவை நோக்கி நடக்க, "ஷி இஸ் வாக்கிங் டு த டோர்" என்று வகுப்பே கூவியதும் எனக்குப் பிடித்திருந்தது. பொருளைக் காட்டி, செய்து காட்டி, வாக்கிய அமைப்பைப் பழக்கும் அந்த முறையில் 1950களின் கடைசியிலிருந்தே தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நல்ல முறைதான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் கதவை நோக்கி நடப்பவள் காணாமல் போய்விட்டாள், கூவல் மட்டும் மிஞ்சியது. பிறகு கூவலும் போய், கேள்வி பதிலைப் பலகையில் பார்த்து எழுதுவதும் அதை அப்படியே ஒப்பிப்பதும்தான் ஆங்கில வகுப்பு என்றாகிவிட்டது.

1982இல் எட்டாம் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் வந்தார். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, சாக்பீஸ் தூள் படிந்த கைக்கடிகாரம். முதல் நாளே புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமல் பலகையில் கட்டங்கள் போட்டார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மெட்ராஸ் சென்ட்ரல், அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, பெங்களூர். மேலே மூன்று வண்டிகள். கட்டங்களுக்குள் நேரங்கள், எல்லாம் அவராகப் போட்டவை.

எங்களுக்குப் பொறுக்குமா? "டீச்சர், அந்த வண்டி அரக்கோணத்துல நிக்காது!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எங்கள் வகுப்பில் ஆங்கில நேரத்தில் தானாகக் கேட்ட முதல் குரல் அது. டீச்சர் அவளை உட்காரச் சொல்லவில்லை. "இன் மை டைம் டேபிள், இட் ஸ்டாப்ஸ்," என்றார் சிரிக்காமல். அவளுக்கும் புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது.

பிறகு கேள்விகள். முதல் வண்டி காட்பாடிக்கு எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டைக்கு எந்த வண்டி சீக்கிரம் போகிறது என்று எளிதில் தொடங்கி மெல்ல ஏறுவார். கடைசியில் ஒரு முடிச்சு வரும். ஒருவருக்குக் காட்பாடியில் காலை பத்தரைக்கு வேலை. முடிய இரண்டு மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குள் அவர் பெங்களூரில் இருக்க வேண்டும். எந்த வண்டியில் போய் எந்த வண்டியில் ஏறுவார்? இரண்டு மூன்று பேரை எழுப்பி எல்லார் முன்னிலையிலும் ஒரு முடிச்சை அவிழ்க்கச் செய்வார். அடுத்து அதே மாதிரி வேறொன்றைத் தாளில் கொடுத்துத் தனித்தனியாகச் செய்யச் சொல்வார். குழுவாக உட்காருவதெல்லாம் கிடையாது. அவரவர் தாள், அவரவர் தலை.

விரலை மடக்கி நிமிடங்களை எண்ணியது நினைவிருக்கிறது. பக்கத்திலிருந்தவளோடு தமிழில் குசுகுசுத்தது நினைவிருக்கிறது. தமிழில் பேசாதே என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. விடை கண்டுபிடித்துவிட்டால் கை தானாக உயரும். "செகண்ட் டிரெயின், டீச்சர். டென் ட்வென்டி கம், ஒன் ஃபார்ட்டி கோ," என்பேன். "எஸ், இட் கம்ஸ் அட் டென் ட்வென்டி," என்று அவர் தலையசைப்பார், "பட் தி ஒர்க் இஸ் அட் டென் தர்ட்டி. இஸ் டென் மினிட்ஸ் எனஃப்?" என்று அடுத்ததைக் கேட்பார். திருத்தினார் என்றே எனக்குத் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விட முடியுமா என்பதுதான் என் கவலை. அந்தக் கவலையோடு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, 'கம்ஸ்' என்பதும் 'அட்' என்பதும் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. சில மாதங்களில் அவை என் வாயிலும் வந்தன. எந்த நாளில் என்று என்னால் சொல்ல முடியாது.

மதிப்பெண் முடிவுக்குத்தான். வண்டி சரியென்றால் மதிப்பெண் உண்டு. இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையில் சுழித்த தாள் அந்த ஆண்டு முழுவதும் என் கைக்கு வரவில்லை. கணக்கில் கெட்டியான, ஆங்கிலத்துக்கு அஞ்சிய பெண்கள் அந்த வகுப்பில் தலை நிமிர்ந்தார்கள். இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. பெஞ்சின் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்தவர்கள் முன்னால் வந்து பலகையைத் தொட்டுக்காட்டி வாதாடியதைக் கண்ணால் பார்த்தேன்.

ரயில் முடிந்ததும் ஊர்ப்படம் வந்தது. கோயில், போலீஸ் ஸ்டேஷன், ஆறு, ஒரே ஒரு பாலம், வழி சொல்ல வேண்டும். பிறகு மாதக் காலண்டர், கடைப் பில், ஒரு நூலகத்தின் விதிகள். இவற்றையெல்லாம் விட எனக்கு மறக்காதது தந்தி.

தந்தி என்றாலே எங்கள் தெருவில் குலை நடுங்கும். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினால், கவரைப் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். படித்துச் சொல்ல ஆள் தேடி யாராவது ஓடுவார்கள். அந்தத் தந்தியை டீச்சர் எங்கள் கையில் கொடுத்தார். அண்ணனுக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை காலை நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறான், மாமா ஸ்டேஷனுக்கு வர வேண்டும். இதை முழு வாக்கியங்களாகப் பலகையில் எழுதிவிட்டு, "வார்த்தைக்கு வார்த்தை காசு. யார் குறைந்த செலவில் அனுப்புவீர்கள்?" என்றார். வெட்டத் தொடங்கினோம். 'இஸ்' போனது, 'த' போனது, 'ஹி' போனது. 'சாட்டர்டே'வை ஒருத்தி வெட்டினாள். "அப்போ மாமா டெய்லி ஸ்டேஷனுக்கு வரணுமா?" என்று இன்னொருத்தி கேட்க, அது திரும்பி வந்தது. எந்தச் சொல் பொருளைத் தாங்குகிறது, எது வாக்கியத்துக்காக மட்டும் நிற்கிறது என்று அன்று பிரித்துப் பார்த்ததை அதற்குப் பின் எந்த இலக்கண நூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வந்தது.

எதிர்ப்பு இல்லாமலா? நோட்டில் ஒன்றும் இல்லை, பாடம் நகரவில்லை என்று வீடுகளில் பேச்சு. பக்கத்து செக்‌ஷன்காரிகள் கேள்வி பதில் நிரப்பிய நோட்டை ஆட்டிக் காட்டுவார்கள். பரீட்சைக்கு முன் டீச்சர் சில வாரங்கள் புத்தகத்தையும் நடத்தினார். தேறினோம்.

பல ஆண்டுகள் கழித்து, நானும் ஆங்கிலம் கற்பிக்கப் போன பிறகு, என்.எஸ். பிரபு 1987இல் எழுதிய நூல் கைக்குக் கிடைத்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் அவரும் சக ஆசிரியர்களும் நடத்திப் பார்த்த வகுப்புகளைப் பற்றிய நூல். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவர் வாதம். இலக்கணத்தை வரிசை போட்டு நடத்தாமல், யோசிக்க வைக்கும் பணிகளை வரிசை போட்டார்கள். முதலில் வகுப்போடு சேர்ந்து ஒரு முன்பணி, பிறகு தனியாக ஒரு பணி. வகுப்பில் பாதிப் பேராவது பாதியாவது சரியாகச் செய்தால் அந்தப் பணி கடினம் அளவானது என்று எடுத்துக்கொண்டார்கள். ரயில் அட்டவணை, வரைபடம் எல்லாம் அதில் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் என் எட்டாம் வகுப்பு. எங்கள் டீச்சர் அந்த ஆசிரியர்களோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும். உலகமெங்கும் பணிவழி மொழிக் கற்பித்தல் என்று இன்று பேசப்படுவதற்கு முன்னோடி, நம் ஊர்ப் பள்ளிகளில் கரும்பலகையும் சாக்பீஸும் வைத்து நடந்த அந்த வகுப்புகள். இது நம் ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் போன செயல்வழிக் கற்றலின் அட்டைகளையும், தரையோடு ஒட்டிய கரும்பலகைகளையும் பார்த்தபோது மகிழ்ந்தேன். குழந்தை தன் வேகத்தில் போகலாம் என்று சொன்ன திட்டம் அது. ஆனால் செயல்பாடு என்றாலே பாட்டு, வண்ணத்தாள், கைதட்டல் என்று நின்றுவிடும் வகுப்புகளையும் பார்க்கிறேன். கை மட்டும் வேலை செய்தால் போதாது. "அப்போ மாமா டெய்லி வரணுமா?" என்று ஒரு பிள்ளை கேட்கிற அளவுக்கு உள்ளே ஏதாவது குடைய வேண்டும்.

அந்த எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் பாட்டி வீட்டுக்குத் திருவண்ணாமலை போக அப்பா ரயில்வே பாஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எப்போதும் எழும்பூர் போய், மீட்டர் கேஜில் விழுப்புரம் வழியாகத்தான் போவோம். நான் அப்பாவின் ரயில்வே டைம் டேபிளை எடுத்து வைத்துக்கொண்டேன். சின்ன எழுத்து, முழுக்க ஆங்கிலம். அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் படித்தேன். "அப்பா, காட்பாடி போய் மாறினா என்ன? எக்மோர் வரைக்கும் மூட்டையத் தூக்க வேணாம், இங்கயே ஏறிக்கலாம். காட்பாடியில கனெக்‌ஷன் இருக்கு," என்றேன். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் விரல் போன வழியே பார்த்தார். "இந்த ஸ்டார் குறி என்ன?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று படித்துச் சொன்னேன். "அப்ப சனிக்கிழமை போவோம்," என்று, 'வயா' என்ற இடத்தில் காட்பாடி என்று எழுதினார்.

திருவண்ணாமலை ஸ்டேஷனில் பாட்டி தெற்கே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் வடக்கிலிருந்து வந்து இறங்கினோம்.

"இதென்னடா, தலைகீழா வர்றீங்க?" என்றார் அப்பாவிடம்.

"உன் பேத்திய கேளு," என்றார் அப்பா.