டி.வி. பொறந்த குன்று!

லண்டன் போற எல்லாரும் பிக் பென் முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. நீங்க விஸ்காம் ஸ்டூடண்ட்டா? இல்ல, ரிமோட்டும் கையுமா வளர்ந்த பார்ட்டியா? அப்போ உங்களுக்குத் தனி ரூட் இருக்கு. ரெண்டே ஸ்டாப். ஒண்ணு, பிரிட்டிஷ் டி.வி. பொறந்த இடம். இன்னொண்ணு, அது வளர்ந்த இடம். கிளம்பலாமா?

ஸ்டாப் 1: ஆலி பாலி

வடக்கு லண்டன்ல அலெக்ஸாண்ட்ரா பேலஸ்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன். இறங்கி டபிள்யூ-3 பஸ் பிடிச்சா குன்று மேல கொண்டுபோய் விடும். பேலஸ்னதும் ராஜா, ராணி வாழ்ந்த இடம்னு நினைச்சுடாதீங்க. பொதுஜனங்க பொழுதுபோக்கறதுக்காக 1873-ல் திறந்த மாளிகை இது. திறந்து 16 நாள்தான்... தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு! ரெண்டே வருஷத்துல மறுபடி கட்டிட்டாங்க. ஊர்க்காரங்க வெச்ச செல்லப் பேரு 'ஆலி பாலி'.

கிழக்கு மூலையில நிமிர்ந்து பாருங்க. அந்த இரும்புக் கோபுரத்துல இருந்துதான் 1936 நவம்பர் 2-ம் தேதி பி.பி.சி. தன்னோட தினசரி டி.வி. ஒளிபரப்பை ஆரம்பிச்சது. அன்னிக்கு ரெண்டு டெக்னாலஜிக்கு நடுவுல செம போட்டி. ஜான் லோகி பேர்டோட 240 கோடு ஒரு பக்கம், மார்கோனி-ஈ.எம்.ஐ. கம்பெனியோட 405 கோடு இன்னொரு பக்கம். அதைத்தான் 'ஹை டெஃபனிஷன்'னு பெருமையா சொன்னாங்க. சிரிக்காதீங்க பாஸ், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்!

எது பெஸ்ட்னு பார்க்க ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி ஓட்டினாங்க. முதல் நாள் யார் முதல்லங்கிறதுக்குக் காசு சுண்டிப் போட்டதுல பேர்டு ஜெயிச்சார். ஆனா அவரோட ஸ்டூடியோ கேமரா ஃபிலிம்ல படம் பிடிச்சு, உடனே அங்கேயே கழுவி, ஒரு நிமிஷத்துக்குள்ள ஒளிபரப்பணும். கேமராவை அசைக்கவே முடியாது! 1937-லேயே பேர்டு சிஸ்டத்துக்கு டாட்டா காட்டிட்டாங்க.

1939 செப்டம்பர் 1. யுத்தம் வாசலுக்கு வந்தாச்சு. ஒரு மிக்கி மவுஸ் கார்ட்டூன் போட்டுட்டு, டி.வி.யை மூடிட்டாங்க. அப்புறம் இதே ஆலி பாலி டிரான்ஸ்மிட்டரை ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டின ரேடியோ சிக்னலைக் குழப்பறதுக்குப் பயன்படுத்தினாங்க. 1946 ஜூன் 7-ல் டி.வி. திரும்ப வந்தப்போ, அதே மிக்கி கார்ட்டூனையும் மறுபடி போட்டாங்க!

1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவை டி.வி.யில பார்த்தவங்க சுமார் 2 கோடி பேர். பாதிப் பேர் பக்கத்து வீட்டு டி.வி.யிலதான்! 1955-ல் விளம்பரத்தோட ஐ.டி.வி. களத்துல குதிச்சது. குன்று மேல இருந்த ஸ்டூடியோ பத்தலை. பி.பி.சி. மேற்கு லண்டன்ல பிரமாண்டமா ஒரு கட்டடம் கட்டினது.

ஸ்டாப் 2: கேள்விக்குறி

ஒயிட் சிட்டி டியூப் ஸ்டேஷன்ல இறங்குங்க. எதிர்லயே 1960-ல் திறந்த டெலிவிஷன் சென்டர். மேல இருந்து பார்த்தா கேள்விக்குறி ஷேப்! 1964 ஏப்ரல் 20-ம் தேதி ராத்திரி, பி.பி.சி.-2 தொடக்க விழா. பேட்டர்ஸீ மின் நிலையத்துல ஏதோ கோளாறு. கரன்ட் கட்! மொத்த விழாவும் காலி. அன்னிக்கு ஆலி பாலியில இருந்த செய்திப் பிரிவுதான் நியூஸ் வாசிச்சு மானத்தைக் காப்பாத்தினது.

ஆனா இந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது மனசு கனக்கற விஷயம் வேற. அந்தக் காலத்துல வீடியோ டேப் செம காஸ்ட்லி. மறு ஒளிபரப்புக்கும் ஆயிரத்தெட்டு ஒப்பந்தச் சிக்கல். அதனால ஒளிபரப்பின நிகழ்ச்சியை அழிச்சுட்டு, அதே டேப்புல புதுசா பதிவு பண்ணினாங்க. 1969-ல் மனுஷன் நிலவுல கால் வெச்ச ராத்திரி, பி.பி.சி. ஸ்டூடியோவுல இருந்து போன நேரடி நிகழ்ச்சி இன்னிக்கு இல்லை. 1963-ல் ஆரம்பிச்ச 'டாக்டர் ஹூ' சீரியல்ல 60-கள் காலத்து எபிசோடுகள் தொண்ணூறுக்கு மேல தொலைஞ்சு போச்சு.

காப்பாத்தினது யார் தெரியுமா? பசங்க! டி.வி. முன்னாடி டேப் ரிக்கார்டர் வெச்சு, வீட்டுல யாரும் பேசக் கூடாதுனு மிரட்டி, சவுண்டை மட்டும் பதிவு பண்ணின ரசிகர்கள். தொலைஞ்ச எல்லா எபிசோடுக்கும் ஆடியோ இருக்குன்னா, காரணம் அவங்கதான். படமும் கொஞ்சம் திரும்பக் கிடைச்சது. வெளிநாட்டு சேனல்களுக்கு அனுப்பின ஃபிலிம் பிரதிகள் மூலமா. 2013-ல் அறிவிச்ச 9 எபிசோடுகள் கிடைச்சது நைஜீரியாவுல!

அதே 2013-ல் பி.பி.சி. டெலிவிஷன் சென்டரை விட்டுக் கிளம்பிடுச்சு. சில ஸ்டூடியோக்கள் மட்டும் தப்பிச்சது. மீதியில ஃபிளாட், ஹோட்டல், ஆபீஸ். முற்றத்துல ஹீலியோஸ் சிலை மட்டும் பழைய இடத்துலேயே நிக்குது. பார்த்துட்டு வாங்க.

இப்ப எல்லாமே ஆப்புல இருக்கே, எதுவும் தொலையாதுன்னு நினைக்கிறீங்களா? போன வருஷம் லிஸ்ட்ல போட்டு வெச்ச ஷோவை இப்பத் தேடிப் பாருங்க. கம்பெனிக்காரன் சத்தமில்லாமத் தூக்கியிருப்பான். அன்னிக்கு ஒரு டேப் ரிக்கார்டர் போதுமா இருந்துச்சு. இன்னிக்கு நம்ம கையில என்ன இருக்கு? ரூட்டை முடிச்சுட்டு ரயில்ல திரும்பும்போது யோசிங்க ஃப்ரெண்ட்ஸ்!