செல்லாக் காசின் செல்வாக்கு

ஒருவரைச் 'செல்லாக் காசு' என்றால் அது வசை. ஆனால் ஓராண்டாக என் தேர்வுக் கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் தாங்கி நிற்பது அந்தச் செல்லாக் காசேதான்!

பழைய நாணயங்களைக் கண்ணாடிச் சட்டத்துள் பொருத்திப் பரிசுப் பொருளாக இணையச் சந்தையில் விற்று வருகிறேன். 1965-இல் பிறந்தவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதே ஆண்டு பொறித்த அறுகோண மூன்று பைசா. 1945-இல் பிறந்தவரின் சதாபிஷேகத்துக்கு அவ்வாண்டின் ஓட்டைக் காலணா. ரூபாய்க்கு 64 காலணா என்பது பழைய கணக்கு. 1957 ஏப்ரல் 1 முதல் பைசாக் கணக்கு வந்தது. ஆயினும் நாலணாவும் எட்டணாவும் நம் நாவை விட்டுப் போகவில்லை.

ஒரு சட்டத்தின் விலை 350 ரூபாய். நாணய வியாபாரிக்கும் பிரேம் கடைக்கும் கொடுத்து, இணையச் சந்தையின் தரகும் அனுப்பும் கூலியும் போனால் மிஞ்சுவது 70 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் தம் மாநிலத்துக்குள் இவ்வாறு விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி பிறந்தது. ஆகவே என் கடைக்கு எல்லை தமிழ்நாடே.

சென்ற தை மாதம் ஒருவர் இருபது சட்டங்கள் கேட்டார். மகளும் அவள் தோழியரும் பிறந்தது 2004-ஆம் ஆண்டாம். அவ்வாண்டின் ஒரு ரூபாய் நாணயம் வேண்டுமாம். 1,400 ரூபாய் இலாபம்! மனம் சபலப்படாமல் இல்லை. ஆனால் அந்த நாணயம் இன்றும் செல்லும். செல்லும் நாணயத்தை உருக்குவதை மட்டுமன்றி, முகமதிப்புக்கு மாறான விலைக்கு விற்கவென்று தேவைக்கு மீறிச் சேர்த்து வைப்பதையும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. 2011 ஜூன் 30-உடன் செல்லாமற்போனவை 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையுமே. 50 பைசா இன்றும் செல்லும். "இயலாது ஐயா" என்று எழுதிவிட்டேன். பதிலே வரவில்லை.

நண்பர்கள் சிரித்தார்கள். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார்கள். ஊருக்குள் புழங்க வேண்டிய காசை எடுத்துக் கண்ணாடிக்குள் பூட்டுவது பரிசாகாது என்பதே என் விடை. உழைத்து ஓய்ந்த காசுக்குத்தான் அந்த இடம்.

இன்னொன்றும் உண்டு. மூன்று பைசாவை 'அபூர்வ நாணயம்' என்று நான் எழுதுவதில்லை. அது கோடிக்கணக்கில் அச்சானது. துலக்கிப் பளபளப்பாக்குவதும் இல்லை. தேய்மானமும் அதன் வரலாறே. பழைய நாணயத்துக்கு இலட்சம் தருவதாக ஆசை காட்டி, 'முதலில் கட்டணம் அனுப்புங்கள்' என்று தன் பெயராலேயே பணம் பறிப்பவர்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

தோழர்களே, உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் ஒரு பத்துப் பைசா உறங்கிக் கொண்டிருக்கலாம். அதை விலை பேசுமுன், அக்காலத்தில் அது என்ன வாங்கியது என்று பாட்டியைக் கேளுங்கள். அந்தக் கதையைக் கேட்டபின் விற்க மனம் வந்தால் என்னிடம் வாருங்கள்.