உம்மும்மாமாரிடம் கேளுங்கள்



1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானோர் வீடிழந்தனர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது நமது புத்தளத்துக்கு.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் அதை நினைவுகூர்கிறோம். அந்தக் கதையில் பெண்கள் அழுதவர்களாக மட்டுமே வருகிறார்கள். உரிமை கேட்டு நின்றவர்களாக வருவதில்லை.

அப்படி இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒருவர் ஜன்சிலா மஜீத். புத்தளத்தில் கொமியூனிட்டி டிரஸ்ட் ஃபண்ட் அமைப்பை வழிநடத்தியவர். இடம்பெயர்ந்த முஸ்லிம்களோடு தமிழர்களின் உரிமைக்காகவும் உழைத்தார். அதற்காக 2010இல் அமெரிக்க அரசின் சர்வதேசத் துணிச்சல் பெண்மணி விருது கிடைத்தது.

என் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியாது.

இனத்தைக் காரணம் காட்டி விரட்டப்பட்ட பெண், இனம் பார்க்காமல் நீதி கேட்டார். நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

உங்கள் வீட்டு உம்மும்மா அன்று யாரிடம், என்ன கேட்டுப் போராடினார்? கேட்டு எழுதி வையுங்கள்.