குடோன் தெருவை யார் ஆள்கிறார்கள்?

உடுமலை ஜவுளிக்காரர்கள் கொள்முதலுக்குப் பெரும்பாலும் ஈரோடு போவார்கள். பெரிய கை என்றால் ரயிலேறிச் சென்னை குடோன் தெரு. துணிக்குக் குடோன் தெரு, காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, வட்டிக்கும் நகைக்கும் சவுகார்பேட்டை என்று ஜார்ஜ் டவுனில் தெருவுக்கொரு சரக்கு. 1907இல் இந்தியன் வங்கி பிறந்ததும் இங்கேதான்.

மதராஸ் மாநகராட்சியே இந்த வணிகர்களை வைத்து உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட வரியை மக்கள் ஏற்கவில்லை. தங்களில் சிலரே மன்றத்தில் உட்கார்ந்து விதித்தால் கொடுப்பார்கள் என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள். 1688 செப்டம்பர் 29 அன்று மேயரும் 12 ஆல்டர்மேன்களும் பொறுப்பேற்றனர். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வணிகர்களோடு நம்மவர் மூவரும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆளங்காத்த பிள்ளை கட்டியதாகச் சொல்லப்படும் ஏகாம்பரேஸ்வரர் கோயில் இன்றும் தங்கசாலைத் தெருவில் நிற்கிறது. அன்று நம்மவர் குடியிருந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது உயர் நீதிமன்றம். பிரெஞ்சு முற்றுகைகளுக்குப் பயந்து கோட்டையையொட்டிய வீடுகளை இடித்ததால், வடக்கே முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் பெருகின. 1911 முதல் அவை ஜார்ஜ் டவுன்.

மேயரும் ஆல்டர்மேன்களும் கொண்ட அந்தப் பழைய ஏற்பாடு, லண்டனுக்குள்ளேயே தனிப் பகுதியான லண்டன் சிட்டியில் இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் குடியிருந்தவர் பத்தாயிரத்துக்கும் குறைவு, வேலைக்கு வருவோர் ஆறு லட்சத்துக்கு மேல். இருந்தும் அதற்கென்று தனி மன்றம், 25 வார்டுகள், சொந்தக் காவல்துறை. நிறுவனங்களுக்கும் அங்கே வாக்குண்டு. பணம் படைத்தவருக்குக் கூடுதல் குரல் தரும் அந்த முறை நமக்கு வேண்டாம். ஆனால் பகுதியின் காரியத்தைப் பகுதியிலேயே பேசித் தீர்க்கிற ஏற்பாடு வேண்டும்.

ஜார்ஜ் டவுன் இன்று 200 வார்டுகள் கொண்ட மாநகராட்சியில், ராயபுரம் மண்டலத்தின் ஒரு பகுதி. குப்பைக்கு மாநகராட்சி, சாக்கடைக்குக் குடிநீர் வாரியம், வண்டிக்குப் போக்குவரத்துக் காவல். மீன்பாடி வண்டி நிற்க இடம் கேட்கும் சுமைக்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? 1973 முதல் 1996 வரையும், 2016 முதல் 2022 வரையும் தேர்ந்தெடுத்த மன்றமே சென்னைக்கு இல்லாமலிருந்தது.

நம் உடுமலைக்கு 33 வார்டுகள், சொந்த நகராட்சி. இங்கே கடைவீதியில் சாக்கடை அடைத்தால் கவுன்சிலர் வீட்டுக்கு நடந்தே போகலாம். அதே வசதி ஜார்ஜ் டவுனுக்கும் கிடைக்க வேண்டும். கடைக்காரர், சுமைக்காரர், மாடியில் குடியிருப்பவர் மூவரும் மாதமொருமுறை மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்து, சரக்கு இறக்கும் நேரத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் முடிவு செய்யட்டும். அந்த முடிவு மூன்று துறைகளையும் கட்டுப்படுத்தட்டும்.