அடித்தல் திருத்தல் இல்லாத தாள்

உணவுக் கோளாறு என்று வருகிறவர்களிடம் முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்துவிடுவோம். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டோம், அப்போது மனசில் என்ன ஓடியது என்பதைச் சாப்பிட்ட கையோடு குறிக்க வேண்டும். சட்னிக் கறையோடு கசங்கி வருகிற தாளைக் கண்டால் எனக்கு நிம்மதி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில் உணவும் கறுப்பு மையில் எண்ணங்களுமாக வருகிற தாள்தான் கவலை தரும். "நேத்து ராத்திரி உக்காந்து ஃபேர் காப்பி எடுத்தேன் மேடம்" என்பாள் அந்தப் பெண். வாரம் முழுக்கப் பட்ட தடுமாற்றம் அத்தனையும் அந்த ஃபேர் காப்பியில் காணாமல் போயிருக்கும். (அடையாளம் தெரியாமலிருக்கப் பலரைக் கலந்துதான் எழுதுகிறேன். ஆண்களும் வருகிறார்கள், பெரும்பாலும் ரொம்பத் தாமதமாக.)

ஒல்லியாக வேண்டுமென்ற ஆசை, சினிமாவும் இன்ஸ்டாகிராமும் பண்ணுகிற வேலை என்று இந்த நோயைச் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்டால், ஓயாமல் மார்க் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு குரல் உள்ளே ஓடுவது தெரியும். கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன், ஸாஃப்ரா கூப்பர், ரோஸ் ஷஃப்ரான் மூவரும் 2003-இல் எழுதிய கட்டுரை, சிலரிடம் நோயை விடாமல் பிடித்துவைத்திருக்கும் காரணங்களில் ஒன்றாகப் பெர்ஃபெக்‌ஷனிசத்தைச் சொன்னது. அவர்கள் விவரித்த சுழலை வாராவாரம் பார்க்கிறேன். தனக்குத் தானே போட்ட விதியை ஒருத்தி இரவுவரை காப்பாற்றிவிட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டாள். "அப்போ அது ரொம்ப ஈஸியா இருந்திருக்கு" என்று மறுநாள் விதியை இன்னும் இறுக்குவாள். ஒரு கை மிக்சரில் விதி உடைந்துவிட்டாலோ, "எல்லாம் போச்சு". அப்புறம் டப்பா காலியாகும்வரை கை நிற்காது. அதற்குத் தண்டனையாக அடுத்த நாள் பட்டினி. பட்டினியே அடுத்த தடவை கட்டுமீறிச் சாப்பிட வைக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் வசவு மட்டும் நிச்சயம்.

இரண்டாவது மாதம் வாக்கில் ஒரு வட்டம் போடச் சொல்வோம். உன்னை நீ மதிப்பதற்கு எது எது காரணம், அதற்குத் தக்கபடி துண்டு போடு என்பேன். தோழிகள், பாட்டு, தம்பியோடு போடும் சண்டை எல்லாம் ஓரத்தில் நூல் மாதிரி நிற்கும். எடையும் மார்க்கும் மீதி வட்டத்தை அடைத்துக்கொண்டிருக்கும். படம் போட்டவளே அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன்.

பேச்செல்லாம் டாக்டர் நாடித் துடிப்பையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான். பட்டினியில் கிடக்கிற மூளையிடம் தத்துவம் பேசிப் பயனில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். அவர்களில் பலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் பிசைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். ஒல்லியாகும் ஆசை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. "இவ பிறவிலேயே பிடிவாதக்காரி" என்று அம்மாக்கள் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வேன். அந்தப் பிடிவாதத்தில் பசியின் பங்கு எவ்வளவு என்பது சாப்பாடு உள்ளே போன பிறகுதான் தெரியவரும். எடை தேறிய பிறகும் இந்தக் குணம் ஓரளவு தங்கிவிடுகிறது என்பதும் உண்மை.

இந்த வேலையில் சிரமமான இடம், அந்தக் குரலோடு வாதாடுவது. "உன்னையே ஏன் இப்படித் திட்டிக்கறே?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "தப்புதான் மேடம். இந்தத் திட்டறதைக்கூட என்னால நிறுத்த முடியல பாருங்க." சிகிச்சையும் இன்னொரு பரீட்சையாகிவிட்டது. அதனால் நான் வேறு கேள்வி கேட்பேன். திட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகுமென்று பயப்படுகிறாய்? "சோம்பேறி ஆயிடுவேன். குண்டாயிடுவேன். யாரும் மதிக்க மாட்டாங்க." தன்னைக் காப்பாற்றுவதாக நம்பித்தான் அந்தக் குரலை வைத்திருக்கிறாள். பால் கில்பர்ட்டின் பரிவு சார்ந்த சிகிச்சை முறையில் நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். மற்றதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சற்றே கூச்சம் தருகிறது.

பிறகு சின்னச் சின்னப் பிசகுகளை வேண்டுமென்றே செய்யச் சொல்வேன். எழுத்துப்பிழையோடு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். இஸ்திரி போடாத துப்பட்டா. அளவு பார்க்காமல் அம்மா வைக்கிற சாதம். என்ன ஆகுமென்று முன்னாலேயே எழுதிவைத்து, ஆனதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அடித்தல் திருத்தலோடு முதல் தாள் வரும்போது "வெரி குட்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அடுத்த வாரம் ஸ்கேல் வைத்து அடித்திருப்பாள்! "இந்த இடத்துல என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பேன்.

வீட்டுக்காரர்களுக்கும் வேலை உண்டு. அவள் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும், பாராட்டாகக்கூட, வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு அப்பா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார், ஒன்று இரண்டு என்று எண் போட்டு. கடைசியில், "சரி மேடம். மார்க்கைப் பத்தி மட்டும் கேக்கலாமில்ல?" என்றார். அதையும் கொஞ்ச நாள் விட்டுவைங்க சார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, அடியில் கோடு போட்டார்.