தரைக்கு அடியில் தொடங்கும் வேலை

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாக லகாட்டுக்குப் போனால் வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். முன்னால் கார் நிறுத்த ஓர் இடம், பின்னால் அடுப்படியை ஒட்டிக் குளியலறை. இந்த வட்டாரத்துத் தமிழர் பலருடைய தாத்தா பாட்டிக்கு அப்படி ஓர் அறை வீட்டுக்குள் இருந்ததில்லை. தோட்டத்து லயத்தில் குழாயடி எல்லாருக்கும் பொது. ஜாம்பான் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று தனிச் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் அதன் இடத்தில் இன்னொரு சட்டம் வந்தது.

குழாயடியில் ஊற்றிய தண்ணீர் கால்வாயோடு ஓடிவிடும். வீட்டுக்குள் ஊற்றும் தண்ணீருக்கு வழி செய்து வைக்காவிட்டால் சுவரிலோ, கூரைப் பலகையிலோ, பக்கத்து அறையிலோ அதுவே ஒரு வழி பிடித்துக்கொள்ளும். பணம் சேர்த்துக் குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் ஏறுவது டைல்ஸ் கடைப் படி. தொடங்க வேண்டிய இடமோ தரைக்கு அடியில் இருக்கிறது.

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் குத்தகையாளர்கள் உண்டு. செலவும் தூசியும் குறைவுதான். ஆனால் தரை உயர்ந்துவிடும், வாசல் தடுப்பு தாழ்ந்துவிடும், குளித்த தண்ணீர் அறைக்குள் எட்டிப் பார்க்கும். அடியில் இருந்த கசிவோ அப்படியே இருக்கும். ஒழுகும் குளியலறை என்றால் சிமெண்டு தெரியும்வரை உடைத்தே ஆகவேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை பூச வேண்டும். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஒரு சாணாவது ஏற்றி, ஷவர் இருக்கும் சுவரில் ஆளுயரத்துக்குப் பூசுவது நல்லது. பிறகு தண்ணீர் போகும் துளையை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் மொத்த வேலையும் மறுபடி முதலிலிருந்து.

நாற்றமும் பலரை அலைக்கழிக்கிறது. தரைத் துளைக்குக் கீழே உள்ள வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு மேலே வராது. அதிகம் புழங்காத குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாசனைத் திரவத்துக்குச் செலவழிக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு தொல்லை மண்ணிலிருந்து வருகிறது. கிந்தா பள்ளத்தாக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஈயம் தோண்டிய பூமி. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோண்டிய நிலங்கள் பல குடியிருப்புகளாயின. ஈயம் கழுவிய மணல் ஓரிடத்தில் கிடக்கும், குழைந்த சேறு இன்னோரிடத்தில் கிடக்கும். அந்தச் சேறு ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட நிலத்தில் மூல வீட்டுக்கு ஆழமான அடித்தளம் போட்டிருப்பார்கள். பின்னால் இழுத்துக் கட்டும் அடுப்படியும் குளியலறையும் மேலோட்டமான அடித்தளத்தில் நிற்கும். இரண்டும் ஒரே அளவில் அமுங்குவதில்லை. சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது. அந்த இடத்தைக் கடந்து போகும் கழிவுநீர்க் குழாயும் பிளந்துகொள்கிறது. பிளவில் ஒழுகும் நீர் மண்ணை இன்னும் இளக்க, கட்டடம் இன்னும் இறங்குகிறது. ஆண்டுதோறும் விரிசலில் சிமெண்டு அடைப்பது வீண் செலவு. முதலில் குழாயைச் சரிசெய்து, சேரும் இடத்தில் இடைவெளி விட்டு, இழுபட்டால் கிழியாத பசையால் அதை நிரப்புவதே முறை. புதிதாக இழுத்துக் கட்டுகிறவர்கள் மண்ணைச் சோதித்து அடித்தளத்துக்குச் செலவழிக்கட்டும். டைல்ஸ் மலிவாக இருந்தாலும் பாதகமில்லை.

உயிர் சம்பந்தப்பட்டது வாட்டர் ஹீட்டர். ஈரமான இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள். பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் ஒரே கருவிதான் இருக்கும். அது குளியலறைக்குப் போதாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்வதில் கஞ்சத்தனம் கூடாது.

பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சுவது முதியவர்கள். குந்தி உட்காரும் தொட்டியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்து, அந்த இடத்தில் சுவரைப் பலப்படுத்த வேண்டும். வழவழப்பான தரை கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக் கிடந்தால் உதவிக்கு ஓடி வருபவரால் நுழைய முடியாது.

தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று பலரும் செப்டம்பர் வாக்கில்தான் வேலையைக் கொடுக்கிறார்கள். ஈப்போ வட்டாரத்தில் மழை வலுக்கும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். பூச்சு காய நேரம் பிடிக்கும், கெடுவோ நெருங்கும். ஜூன், ஜூலையில் மழை ஓரளவு குறைவு, குத்தகையாளருக்கும் கையில் நேரம் இருக்கும். அப்போதே தொடங்கி, கூலியில் ஒரு தவணையைத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் நாளுக்கென்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.